வடிகட்டி

கோதை வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கணவன் கருணாகரன் ஐந்து செட் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தான். அதாவது, சோபாவில் மல்லாந்து கிடந்தான். வாய் பாதி திறந்திருந்தது. கடைவாயிலிருந்து வழிந்த எச்சில் தலையணை உறையில் ஊறிப் பரவியிருந்தது. பிடரியில் ஒட்டியிருந்த பட்டையில் பச்சை விளக்கு மினுங்க, கால் கட்டைவிரல்கள் மட்டும் தூங்கும் நாயின் கால்களைப் போல வெட்டி வெட்டி இழுத்தன. மத்தியானமே முடிந்துபோன காலிறுதி ஆட்டத்தை அவன் மறுபடி போட்டிருந்தான்.

விளக்கு அணைந்ததும் எழுந்து உட்கார்ந்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு தொடையைத் தேய்த்துவிட்டான்.

"செத்தேன்," என்றான் சந்தோஷமாக. "கடைசி செட்டுல தொடை பிடிச்சு இழுத்துச்சு பாரு. நாக்கெல்லாம் உப்பு."

அது அவனுடைய தொடை இல்லை, அவனுடைய நாக்கும் இல்லை. இரண்டும் ஆட்டக்காரன் ஜெரோம் பர்னாந்துவுடையவை. கருணாகரன் மாடிப்படி ஏறியே வருடங்கள் ஆகியிருந்தன. கோதை தலையணை உறையை இரண்டு விரலால் உருவி எடுத்துப் போய் வாளித் தண்ணீரில் போட்டாள்.

ஒப்பந்தங்களில் அதற்கு உடலொளிபரப்பு என்று பெயர். ஊரில் எல்லோரும் 'உள்ளே போவது' என்பார்கள். ஆட்டக்காரன் பிடரியில் ஒரு பட்டை, பார்ப்பவன் பிடரியில் ஒரு பட்டை. அவனுக்கு மூச்சு வாங்கினால் இவனுக்கும் வாங்கும், அவன் முழங்கால் தரையில் உரசினால் இவனுக்கும் எரியும். நினைப்பு வராது, உடம்பு மட்டும் வரும். கேளம்பாக்கத்தைத் தாண்டிக் கடலோரத்தில் கட்டிய அரங்கத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கிழக்கு ஓப்பன் பந்தயத்தில் பட்டை ஒட்டிக்கொள்ளச் சம்மதிக்காதவன் ராக்கெட்டைத் தூக்க முடியாது. ஆடவர் ஒற்றையருக்குத்தான் கூட்டம் அதிகம். ஐந்து செட் என்பதால் உடம்பு நன்றாக நொறுங்கும் என்பார்கள்.

அந்தப் பந்தயத்தை ஒளிபரப்பும் தொலைக்காட்சியில் கோதை வடிகட்டியாக இருந்தாள். வேலையின் பெயரே அதுதான். ஒரு உடம்பிலிருந்து வருவதையெல்லாம் அப்படியே கோடிக்கணக்கான பேருக்குள் கொட்ட முடியாது. மூத்திரம் முட்டுவது, தொடையிடுக்கில் அரிப்பது, ஏப்பம், குமட்டல் எல்லாவற்றையும் ஒருத்தர் உட்கார்ந்து நறுக்கித் தள்ள வேண்டும். அதற்காக அவளும் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு, வடிகட்டாததை முதலில் தான் வாங்கிக்கொள்வாள். இந்த வருடம் அவளுக்கு ஒதுக்கப்பட்ட உடம்பு ஜெரோமுடையது.

தரவரிசையில் யாரும் தேடாத இடத்தில் கிடந்த தூத்துக்குடிக்காரன் அவன். உள்ளூர்க்காரன் ஒருவன் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். முதல் சுற்றிலேயே போய்விடுவான் என்று நினைத்தார்கள். அவன் அரையிறுதி வரை வந்துவிட்டான். சர்வ் போடுவதற்கு முன்பு உடைந்த கடைவாய்ப்பல்லில் நாக்கை அழுத்திக்கொள்வான் என்பது அவன் பயிற்சியாளருக்கே தெரியாது, கோதைக்குத் தெரியும். அவள் பட்டை ஒட்டப் போகும்போது அவன் பேசுவதெல்லாம் தன் அக்கா பிளாரன்ஸைப் பற்றித்தான். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனை ஆளாக்கியவள் அவள். போன வருடம் வரை ஊர் ஊராக அவன் கூடவே போய், எதிராளியின் காதில் விழும்படி ஜெபமாலை உருட்டியவள். இப்போது சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அரையிறுதி. கோதை அரங்கத்துக்குப் போனதும் ஒளிபரப்புத் தலைவர் ரகுநந்தன் தன் அறைக்கு அழைத்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர், கீழே வேலை செய்பவர்களையும் வாங்க போங்க என்பார். பொங்கலும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கும் ஒரு தட்டு எடுத்துவரச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார். விடியற்காலையில் பிளாரன்ஸ் இறந்துவிட்டாள். அவள் கணவன் டோமினிக் அரங்க அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறான். சூதாட்டத் தடுப்பு விதிப்படி, ஆட்ட நாளில் ஆட்டக்காரர்களின் கைபேசிகளைப் பூட்டிவைத்துவிடுவார்கள். அதனால் ஜெரோமுக்கு இன்னும் தெரியாது.

"அவர்கிட்ட யார் சார் சொல்லப் போறது?"

"சொல்லணும். எப்பன்னுதான் பேசிக்கிட்டிருக்கோம்." வடையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார். "ரெண்டாவது செட் முடியட்டும்னு நினைக்கிறேன். இடைவேளையில நானே கோர்ட்டுக்குள்ள போய்த் தோள்ல கை போட்டுச் சொல்றேன். நீங்க அந்த நேரத்துல வடிகட்டியத் தளர்த்திடுங்க. நெஞ்சு, தொண்டை, கண்ணு. மூணும் முழுசா வரணும்."

"சார், அவரோட அக்கா."

"நாம யாரையும் கொல்லலியே கோதை. எங்கப்பா போனப்ப எனக்கு மறுநாள்தான் தெரியும். சீக்கிரம் சொல்லியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பாரா? இப்ப சொன்னா அந்தப் பையன் ஆடாமப் போயிடுவான், அவனுக்கு வாழ்க்கையில கிடைச்ச ஒரே அரையிறுதி. எல்லாம் முடிஞ்சப்புறம் சொன்னா யாருக்கும் பிரயோஜனமில்ல."

எண்ணெய் வழிந்த விரல்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டுச் சூப்பினார். சுண்டுவிரல் வரைக்கும். கோதைக்கு அந்தச் சத்தம் காதுக்குள் புழு நுழைவது போல இருந்தது. அவளுக்கு வந்த தட்டில் பொங்கல் மேல் நெய் உறைந்து கிடந்தது. சரி சார் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். அங்கேயே முடியாது என்று சொல்லியிருந்தால் வேறு ஒரு வடிகட்டியை உட்கார வைத்திருப்பார்கள்.

பட்டை ஒட்டும் அறைக்குள் ஆட்டக்காரனும் வடிகட்டியும் தவிர யாரும் வரக்கூடாது, கேமராவும் கிடையாது. ஜெரோம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கழுத்தைக் குனிந்து கொடுத்தான். கோதை பட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, முன்பக்கம் வந்து அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னாள். அக்கா காலையில் போய்விட்டாள் என்று சொன்னாள். தெரிந்தும் மறைக்கிறார்கள் என்பதையும், எப்போது, எதற்காகச் சொல்லப் போகிறார்கள் என்பதையும் சொன்னாள்.

அவன் அழவில்லை. ராக்கெட் பிடியில் சுற்றியிருந்த நாடாவைப் பிரித்தான். திரும்பச் சுற்றினான். மறுபடி பிரித்தான். பிறகு கழுவுதொட்டிக்குப் போய் ஓங்கரித்தான். ஒன்றும் வரவில்லை, மஞ்சளாகக் கொஞ்சம் எச்சில்தான் வந்தது. குழாயைத் திறந்து முகம் கழுவிவிட்டு, சாயங்காலம் தூத்துக்குடிக்கு விமானம் உண்டா என்று கேட்டான். உண்டு என்றாள். இப்போதே கிளம்பினால் தானே வெளியே கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னாள்.

அவன் குழாயை மூடினான்.

"இப்ப போனா என்ன சொல்லுவாங்க? காயம்னு சொல்லுவாங்க. நாளைக்கு வேற ஒருத்தன் வீட்டுச் சாவுக்குக் காத்துக் கெடப்பாங்க." குரல் தணிந்தேதான் இருந்தது. "மேடம், ஒண்ணு கேக்கேன். எனக்குத் துக்கம்னா அது அவங்களுக்குப் போகுமா?"

"துக்கம் போகாது. துக்கத்துல உடம்பு படற பாடு போகும். நெஞ்சடைக்கிறது, கண்ணு எரியறது. அதுக்கே ஏங்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"இப்ப எனக்கு வந்துச்சே, கொமட்டிக்கிட்டு. அது?"

"அது முழுசாப் போகும். நான்தான் வெட்டிடுவேன். வெட்டலைன்னா உள்ள இருக்கறவங்க அத்தனை பேருக்கும் குடல் வெளிய வந்துடும்."

ஜெரோம் திரும்பி உட்கார்ந்து கழுத்தைக் குனிந்தான்.

"ஒட்டுங்க. அவங்க வந்து சொல்லுதப்ப எனக்கு அழுகை வராது. அவங்க மூஞ்சியப் பாத்தா என்ன வருதோ அதுதான் வரும். நீங்க அத வெட்டாதீங்க. எங்க அக்கா சாவ நக்க வந்த நாக்குல அது விழட்டும்."

கோதை ஒட்டினாள். பட்டை சற்றே கோணலாக விழுந்தது.

எதிராளி வொரெக் என்ற ஐரோப்பிய இளைஞன். இன்னும் மீசை சரியாக முளைக்காத முகம், சம்மட்டி மாதிரிக் கை. ஜெரோம் முதல் செட்டைக் கோட்டைவிட்டான். இரண்டாவது செட்டை எப்படியோ எடுத்தான். மாடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அவனை வாங்கிக்கொண்டிருந்த கோதைக்கு அதுதான் ஆச்சரியம். அவன் உடம்பு ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கை தானாகப் போயிற்று, கால் தானாக வந்தது. நெஞ்சுக்கூடு மட்டும் கருங்கல்லை விழுங்கினது போலக் கனத்தது. சர்வ் போடும்போது நாக்கு பல்லைத் தேடவே இல்லை.

கீழே பல்லாயிரம் பேர். பாதிப் பேர் அரங்கத்துக்குள் வந்தும் பட்டையை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் பிளந்து கிடந்தார்கள். வரிசை வரிசையாகத் திறந்த வாய்கள். வெயிலுக்கு ஈக்கள் உதட்டில் உட்கார்ந்து எழுந்தன. அவர்களுக்குத் தெரியவில்லை.

செட் முடிந்தது. ஜெரோம் நாற்காலியில் போய் உட்கார, ரகுநந்தன் இளநீல ஜிப்பாவில் கோர்ட்டுக்குள் நடந்து வந்தார். கூட ஒரு டாக்டர், பின்னால் கேமரா. குனிந்து அவன் தோளில் கைபோட்டார். அந்தக் கையின் வெதுவெதுப்பும், விரல்களில் மிச்சமிருந்த பிசுக்கும் கோதையின் தோளில் வந்து உட்கார்ந்தன. தழுதழுத்த குரலில் அவர் சொல்லி முடித்தார். நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஜெரோம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அவருக்குப் பின்னால், வரிசை வரிசையாகப் பிளந்து காத்திருந்த வாய்களைப் பார்த்தான்.

முதலில் நாக்கின் அடியில் நீர் சுரந்தது. காதுமடல் ஜில்லிட்டது. அடிவயிற்றில் ஏதோ ஒன்று புரண்டு மேலே ஏறத் தொடங்கியது. அழுகிய மீன் தொட்டிக்குள் தலையைப் பிடித்து முக்கியது போல மூக்கு, தொண்டை, பற்களின் வேர் எல்லாம் ஒரே கசப்பு. உடம்பு முழுக்கத் தோலை உரித்து எறிந்துவிட வேண்டும் போல ஓர் ஊறல். இத்தனை வருடத்தில் அவள் எந்த உடம்பிலும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. எதிரே பலகையிலிருந்த எல்லாத் திருகுகளையும் முழுக்கத் திறந்துவிட்டாள். தானும் காலடியிலிருந்த குப்பைக் கூடையை இழுத்து அதில் வாந்தி எடுத்தாள்.

அரங்கம் ஒருசேரக் குனிந்தது. நாற்காலிகளுக்கு அடியில், முன்வரிசைக்காரன் முதுகில், குழந்தையின் தலையில், எங்கும் கக்கினார்கள். ரகுநந்தனும் பட்டை அணிந்துதான் போயிருந்தார். ஜிப்பா நனைய மண்டியிட்டார். ஜெரோம் எழுந்தான். வலையருகே போய், ஒன்றும் புரியாமல் நின்ற வொரெக்கிடம் கைகொடுத்தான். பிடரியிலிருந்ததைப் பிய்த்துத் தரையில் போட்டுவிட்டு வெளியே நடந்தான்.

கோதையின் எதிரே, எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு செங்குத்தாக விழுந்தது. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். பட்டைகளைப் பிய்த்து எறிகிறார்கள். கட்டிலிலும் சோபாவிலும் கிடந்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

கோடு தரையைத் தொடும் முன்பே நின்றது. கொஞ்சம் தயங்கியது. பிறகு ஏறியது. போனவர்கள் திரும்பினார்கள், அவர்களோடு இதுவரை வராதவர்களும் வந்தார்கள். நேரலை முடிந்துவிட்டதால் அந்தச் சில நிமிடங்களையே மறுபடி மறுபடி போட்டுக்கொண்டார்கள். கோடு திரையின் மேல் விளிம்புக்குப் போய், அதற்கு மேல் காட்ட இடமில்லாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. கீழே கோர்ட்டின் பெரிய திரையிலும் அதே கோடுதான். வொரெக் ராக்கெட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

ரகுநந்தன் மேலே வந்தபோது ஜிப்பாவை மாற்றியிருந்தார். முகம் வெளுத்திருந்தாலும் கண்கள் பளபளத்தன.

"முன்னாடியே போய்ச் சொல்லிட்டீங்க, இல்ல? தெரியும். கோவமில்ல, நல்லதாப் போச்சு." அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அழுகை எல்லாருக்கும் பழகிப்போச்சு கோதை. இது புதுசு. அவங்களையே அவங்க வெறுத்துக்கிட்டாங்க பாருங்க, அந்த ருசி. ஞாயித்துக்கிழமை ஃபைனல்ல வொரெக்கை நீங்களே பாத்துக்கோங்க. எதையும் வெட்டாதீங்க."

அவள் தன் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அவர் அதைப் புரிந்துகொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அன்போடு கேட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வீட்டில் கருணாகரன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். இரண்டு முறை போட்டுவிட்டானாம். அது உன் கைவேலையா என்று பெருமையாகக் கேட்டான். கிட்டே வந்து தோளைத் தொட வந்தவனைத் தள்ளிவிட்டு, அவள் குளியலறைக்குப் போய்த் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தாள். மறுநாள் சாயங்காலம் தூத்துக்குடி ரயிலில் ஏறினாள். ஏன் என்று அவன் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. கடலுக்கு இரண்டு தெரு உள்ளே, சின்ன வீடு. முற்றத்துப் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. மாதா படத்துக்குக் கீழே பிளாரன்ஸின் புகைப்படம், உருகி வழிந்த மெழுகுவர்த்திகள். ஜெரோம் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து, வாங்க மேடம் என்று மட்டும் சொன்னான். டோமினிக் ஒரு மூலையில் யாரிடமும் பேசாமல் கிடந்தான்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டாததால் எல்லாம் அக்கம்பக்கத்திலிருந்துதான் வந்தது. அதிலும் பக்கத்து வீட்டு சூசை மாமா ஓடி ஓடிச் செய்தார். பிளாரன்ஸைத் தோளில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். கோதைக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, அந்தப் பிள்ளை தன் கையால் எத்தனை முறை கஞ்சி வாங்கிக் குடித்தது என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. மூன்று நாட்களாகக் கோதைக்குள் இறுகியிருந்த ஏதோ ஒன்று அவரைப் பார்த்ததும் கொஞ்சம் தளர்ந்தது.

மத்தியானம் ஊரார் சோறும் பருப்பும் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஆண்கள் பந்தலுக்குப் போனார்கள். உள்ளறையில் ஜெரோமும் கோதையும் தனியாக இருந்தபோது, இதுவரை கேட்காததை அவன் கேட்டான்.

"எல்லாரும் பட்டைய கழட்டிட்டாங்களா மேடம்?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் கோதை நினைத்தாள். அவன் முகம் அதற்காகக் காத்திருந்தது. வாயைத் திறந்தாள்.

முற்றத்தில் யாரோ ஓங்கரித்தார்கள். ஒருவர் இல்லை, பத்துப் பதினைந்து பேர், ஒரே நேரத்தில், ஒரே தொண்டையால் செய்தது போல. பிறகு மறுபடியும்.

ஜெரோம் எழுந்து வாசலுக்குப் போனான், அவள் பின்னால் போனாள். பந்தலடியில் வாடகை நாற்காலிகளில் ஊர் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடிக் குனிந்திருந்தார்கள். ஒவ்வொரு பிடரியிலும் பச்சை விளக்கு. சாப்பிட்ட துக்கச் சோறு அவர்கள் காலடியில் கிடந்தது. வாய்க்குள் இரண்டு விரல் நுழைந்து தொண்டையைத் தோண்டுவது போல அத்தனை கழுத்துகளும் ஒன்றாக நெளிந்தன. சென்னையில் இறுதி ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது.

கோதைக்குப் பட்டை தேவைப்படவில்லை. அண்ணாந்து பார்த்த அந்தக் கோட்டுக்காக வொரெக் தன் தொண்டைக்குள் தானே விரலை விட்டுக்கொள்கிறான் என்று தெரிந்துபோயிற்று.

ஜெரோமும் புரிந்துகொண்டான். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே இறங்கிப் போய், சூசை மாமாவின் நாற்காலி அருகே நின்றான். வேட்டியெல்லாம் பருப்பும் சோறுமாக அவர் சாய்ந்திருந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் தாடையையும் கழுத்தையும் அவன் துடைத்தான். துடைத்த கையோடு பிடரியிலிருந்த பட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பினான்.

சூசை மாமா கண்ணைத் திறக்காமலே அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுய்யா," என்றார். "இந்த செட்டு முடியட்டும்."